மதிலில்லா நிலம்

சென்னையின் மேற்கே அம்பத்தூரைக் கடந்து ஆவடிக்குள் செல்வோர் நீண்ட மதில்களைக் காண்பர். கனரக வாகனத் தொழிற்சாலை, போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம், விமானப்படை நிலையம் எனப் பாதுகாப்புத் துறையின் வளாகங்கள் அப்பகுதியில் பல உள்ளன. எது படைக்குரியது, எது ஊருக்குரியது என்பதில் அங்கு ஐயமில்லை, மதிலே எல்லை. ஆனால், மதில் எழுப்பாமலும் நிலத்தை மூட முடியும். பட்டா உழவரின் பெயரிலேயே இருக்கும். ஏரும் விளைச்சலும் அவருடையனவே. எனினும், அறிவிக்கப்பட்ட நாள்களில் அவர் தம் நிலத்தில் கால்வைக்க இயலாது. ஜார்க்கண்ட் மாநிலத்தின் நேதர்ஹாட் மலைமக்கள் இத்தகைய நிலத்தில் வாழ்ந்தவர்கள்.

மலையும் மக்களும்

சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்தின் ஒரு பகுதியாகிய நேதர்ஹாட், கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. ஒராவோன், முண்டா, அசுர், பிர்ஜியா முதலிய பழங்குடியினர் இப்பகுதியில் வாழ்கின்றனர். இரும்புக் கல்லை உருக்கி இரும்பு எடுத்த மரபினர் அசுரர். ஒராவோன் மக்களின் தாய்மொழியான குடுக், தமிழ் சேர்ந்த திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பல்லைக் குறிக்க அவர்கள் வழங்கும் சொல்லும் 'பல்' என்பதே. மேட்டுநில வேளாண்மை, கால்நடை வளர்ப்பு, காட்டில் இலுப்பைப் பூவும் விறகும் சேகரித்தல் ஆகியவற்றால் அமைந்தது இவர்களின் வாழ்வு. காட்டு வழி அடைபட்டால் அடுப்பும் அணைந்துவிடும்.

பீரங்கிப் பயிற்சி

ஆங்கிலேயர் ஆட்சியில், 1938ஆம் ஆண்டில், படைப்பயிற்சி, களத் துப்பாக்கிச்சூடு, பீரங்கிப் பயிற்சி ஆகியவற்றுக்கான சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி மாநில அரசு ஓர் அறிவிக்கையின் மூலம் ஒரு பகுதியைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பயிற்சிக்கென ஒதுக்கலாம். நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை, பயிற்சி நடைபெறும்போது மனிதரும் கால்நடையும் அங்கிருந்து விலக வேண்டும். சேதத்துக்கு இழப்பீடு உண்டு. நேதர்ஹாட் பகுதியில் பல ஆண்டுகள் இப்பயிற்சி நடைபெற்றது. வீட்டைப் பூட்டிவிட்டு, முதியோரையும் குழந்தைகளையும் மாடுகளையும் அழைத்துக்கொண்டு மக்கள் காட்டுக்குள் ஒதுங்கினர். குண்டுபட்டு இறந்தவர்களும் உறுப்பிழந்தவர்களும் உண்டு. மிதிபட்ட பயிருக்கு விலை குறிக்கலாம்; வெடிக்காமல் மண்ணில் கிடக்கும் குண்டின்மீது உள்ள அச்சத்துக்கு எந்த அலுவலர் விலை குறிப்பார்?

1990களின் தொடக்கத்தில் அன்றைய பீகார் அரசு பயிற்சிக் களத்தைப் பெரிதும் விரிவாக்கியது. புதிய அறிவிக்கையின் எல்லைக்குள் 245 ஊர்கள் வந்தன. பரப்பு 1471 சதுர கிலோமீட்டர். அம்பத்தூரையும் உள்ளடக்கிய இன்றைய சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர்தான். மூன்று சென்னைகளினும் பெரிய நிலம் 2002 வரை பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டது. நாளடைவில் ஊர்களையே காலி செய்யச் சொல்வார்களோ என்னும் அச்சம் மக்களிடையே பரவியது. ஊர்தோறும் கூட்டங்கள் நடைபெற்றன. மக்கள் போராட்டக் குழு உருவாயிற்று. "உயிரைத் தருவோம், நிலத்தைத் தரோம்" என்பது அவர்களின் முழக்கமாயிற்று.

டுடுவாபானி

1994 மார்ச் 22. பயிற்சிக்காகப் படை ஊர்திகள் வரவிருக்கின்றன என்பதை அறிந்த மக்கள், ஆயிரக்கணக்கில் டுடுவாபானி என்னுமிடத்தில் திரண்டு சாலையில் அமர்ந்தனர். பெண்கள் முன்வரிசையில் இருந்தனர். கல் எறியப்படவில்லை, வழியும் விடப்படவில்லை. இறுதியில் ஊர்திகள் வந்த வழியே திரும்பின. அதன்பின் அங்குப் பீரங்கிப் பயிற்சி நடைபெறவில்லை.

நாட்டைக் காக்கும் படைக்குப் பயிற்சிக் களம் தேவை என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. யாருடைய நிலத்தில், யாருடைய இசைவோடு என்பதே மலைமக்கள் எழுப்பிய வினா. அதே வினா பிரான்சு நாட்டின் லார்சாக் மேட்டுநிலத்திலும் எழுந்ததுண்டு. அங்கிருந்த படைமுகாமை 3000 ஹெக்டேரிலிருந்து 17000 ஹெக்டேராக விரிவாக்கும் திட்டம் 1971இல் அறிவிக்கப்பட்டது. நிலத்தை விட்டுக்கொடுப்பதில்லை என 103 உழவர்கள் உறுதிமொழியில் ஒப்பமிட்டனர். தம் செம்மறியாடுகளைப் பாரிசு நகருக்குக் கொண்டுசென்று ஈபிள் கோபுரத்தின் அடியில் மேயவிட்டனர். 1981இல் மித்தரான் குடியரசுத் தலைவரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

தாளில் எஞ்சிய ஆணை

லார்சாக் உழவர்களுக்குப் பத்தாண்டுகளில் விடை கிடைத்தது. நேதர்ஹாட்டிலோ ஊர்திகள் திரும்பிய பின்னரும் அறிவிக்கை உயிரோடிருந்தது. 2002இல் முடிய வேண்டிய அதன் காலத்தைப் பீகார் அரசு 1999ஆம் ஆண்டிலேயே 2022 மே 11 வரை நீட்டித்தது. 2000 நவம்பரில் பிறந்த ஜார்க்கண்ட் மாநிலம் நிலத்தோடு இந்த ஆணையையும் மரபுரிமையாகப் பெற்றது. பீரங்கி ஓசை ஓய்ந்தபின் பிறந்த தலைமுறைக்கு இது பழங்கதையாகத் தோன்றியிருக்கக்கூடும். அவ்வாறு மறந்துபோகாதபடி, ஆண்டுதோறும் மார்ச் 22, 23 ஆகிய நாள்களில் மக்கள் டுடுவாபானியில் கூடினர். அந்நாள்கள் அவர்களுக்கு நினைவு நாள்களாகவும் ஊர்த் திருவிழாவாகவும் ஆயின.

தாளில் இருந்த ஆணையைத் தாளாலேயே எதிர்கொள்ள வேண்டும் என்பதையும் அவர்கள் உணர்ந்திருந்தனர். அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்பு அளிக்கிறது. 1996ஆம் ஆண்டின் ஊராட்சி விரிவாக்கச் சட்டம் அப்பகுதிகளின் கிராம சபைக்குச் சிறப்பு அதிகாரங்களை வழங்குகிறது. இவற்றை முன்வைத்துக் கிராம சபைகள் தீர்மானங்கள் இயற்றின. அறிவிக்கையின் காலம் முடிய மூன்று வாரங்களே எஞ்சியிருந்த 2022 ஏப்ரலில், டுடுவாபானியிலிருந்து புறப்பட்டவர்கள் தலைநகர் ராஞ்சி வரை நடந்து சென்று ஆளுநர் மாளிகையில் தம் கோரிக்கையை அளித்தனர்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், நேதர்ஹாட் களத்துக்கான அறிவிக்கையை மேலும் நீட்டிப்பதில்லை என்னும் முடிவுக்கு முதலமைச்சர் ஹேமந்த் சோரன் ஒப்புதல் அளித்தார். சாலையில் அமர்ந்த நாளிலிருந்து அதுவரை 28 ஆண்டுகள் கடந்திருந்தன. அன்று தாயின் மடியில் அமர்ந்து ஊர்திகளை வேடிக்கை பார்த்த குழந்தைகள், தம் பிள்ளைகளை அழைத்து வரும் வயதை எட்டியிருந்தனர்.