பேப்பர் கப், மஞ்சப்பை, குப்பை வண்டி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

"பேப்பர் கப்தானே, மக்கிவிடும்."

தாம்பரம் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் இப்படி நம்பித்தான் பலரும் கப்பைக் கசக்கிப் போடுகிறார்கள். வெறும் காகிதத்தில் சூடான டீயை ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் ஊறிப் பிய்ந்துவிடும். அப்படிப் பிய்யாமல் காப்பது கப்பின் உட்புறம் ஒட்டியிருக்கும் பாலிஎத்திலீன் படலம், அதாவது பிளாஸ்டிக். அது மக்காது. அதைக் காகிதத்திலிருந்து பிரிக்கத் தனி வசதி வேண்டும். அதனால்தான் செய்தித்தாளையும் அட்டைப்பெட்டியையும் எடைபோட்டு வாங்கும் பழைய பேப்பர் கடைக்காரர் இந்தக் கப்பைத் தொடுவதில்லை.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட 14 பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் ஒன்று. தடையை எதிர்த்து உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 2023 அக்டோபரில் இந்தக் கப்புக்கான தடை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஆனாலும் கப் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. காரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-இல் இத்தகைய கப்புகளைச் சோதித்தார்கள். 100 மில்லி சூடான நீர் கால் மணி நேரம் இந்தக் கப்பில் இருந்தால், ஏறத்தாழ 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன என்று கண்டார்கள்.

"கிளாஸ் கழுவத் தண்ணீருக்கு எங்கே போவது?" என்று கடைக்காரர் கேட்டால், அது நியாயமான கேள்விதான். லாரித் தண்ணீரை விலை கொடுத்து வாங்குகிறவர் அவர். ஆனால் கப்புக்கும் அவர்தான் காசு கொடுக்கிறார். கொரோனாவுக்குப் பிறகு "பேப்பர் கப்பில் கொடுங்க" என்று கேட்டு வாங்கியது பெரும்பாலும் நாம். வெந்நீரில் அலசிய கண்ணாடி கிளாஸ் சுத்தமானது. டீக்கடையில் வெந்நீருக்குப் பஞ்சமில்லை.

கசக்கிப் போட்ட கப் எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். தாம்பரத்தை அடுத்த செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சேர்கிறது. மழைநீர் வடிகாலில் விழுந்த குப்பைக்கும் அதே பாதைதான். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற சதுப்பு நிலம் அது. தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து நீர் அடையாற்றுக்குப் போகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே வீடுகள் மூழ்கியதற்குக் குப்பை மட்டும் காரணமில்லை. நீர்வழியில் எழுந்த கட்டடங்களின் பங்கு பெரிது. ஆனால் அடைத்துக்கொண்ட வடிகால் எந்த மழையையும் மோசமாக்கும்.

"ஜவுளிக்கடையில் தருவது துணிப்பைதான்."

கூர்ந்து பாருங்கள். நெய்த துணியென்றால் குறுக்கும் நெடுக்குமாக இழை தெரியும். இழையே தெரியாமல் அழுத்தி ஒட்டியதுபோல் இருந்தால் அது பாலிப்ரொப்பிலீன், பிளாஸ்டிக்கேதான். சில மாதம் வெயிலில் கிடந்தால் பொடிப்பொடியாக உதிரும். உதிர்ந்த பிறகு அதைப் பொறுக்கி எடுக்கக்கூட முடியாது.

"மஞ்சப்பை வாங்கிவிட்டோம், நம் கடமை முடிந்தது."

'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை 2021 டிசம்பரில் அரசு தொடங்கியது. நல்ல இயக்கம், நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் பருத்தி விளைவிக்கத் தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும், நூற்று நெய்ய மின்சாரம் வேண்டும். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் போட்ட கணக்கு இது: ஒரே ஒரு முறை பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பருவநிலைக்கு நல்லது என்று சொல்ல, ஒரு பருத்திப் பையை 131 முறையாவது பயன்படுத்த வேண்டும். கல்யாணத்தில் தாம்பூலத்தோடு வந்த பைகள் பீரோவில் அடுக்கி வைத்தபடியே கிடந்தால் யாருக்கும் லாபமில்லை.

இதைக் கேட்டு "அப்படியானால் பிளாஸ்டிக் பையே மேல்" என்று முடிவு கட்டுவதும் தவறு. அந்தக் கணக்கில் வடிகால் அடைப்பு இல்லை, மாட்டின் வயிறும் இல்லை. 2019 அக்டோபரில் சென்னையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து கால்நடை மருத்துவர்கள் 52 கிலோ பிளாஸ்டிக்கை வெட்டி எடுத்தார்கள். இருக்கிற பையையே கிழியும்வரை தூக்குங்கள், கிழிந்தால் தையுங்கள்.

"தோல் இயற்கையானது, ஆகவே கெடுதல் இல்லை."

குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்ததே ஒரு குரோம் தோல் தொழிற்சாலைதான். ஆவாரம்பட்டையில் தோலைப் பதனிட வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பில் வேலை சீக்கிரம் முடியும். பல்லாவரம், நாகல்கேணி பகுதி நிலத்தடி நீரில் குரோமியமும் உப்பும் ஏறியதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. ஆலைகள் பிழைப்பும் கொடுத்தன, கிணறுகளையும் கெடுத்தன. ஒரு ஜோடி செருப்புக்கு அடிப்பாகம் மாற்றி இன்னும் இரண்டு வருடம் போட்டுக்கொள்வது, தோலா ரெக்சினா என்று வாதிடுவதைவிடப் பயனுள்ளது.

"பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தான் கொட்டுகிறார்கள்."

சில தெருக்களில் இது உண்மை. பார்த்தால் மாநகராட்சியிடம் புகார் செய்யுங்கள், விடாமல் செய்யுங்கள். ஆனால் அதையே சாக்காக வைத்துக்கொண்டு நாம் கலந்து கொடுக்கக் கூடாது. மக்கும் குப்பை மலைபோல் குவிந்து காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் உருவாகிறது. குப்பைமேடுகள் எளிதில் தீப்பற்ற அதுவும் ஒரு காரணம். 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைமேடு எரிந்தபோது அந்தப் புகையைச் சுவாசித்தது சுற்றிலும் குடியிருந்த மக்கள். காய்கறித் தோலும் மிஞ்சிய சோறும் வீட்டுத் தொட்டியிலேயே உரமானால், குப்பைமேட்டுக்குப் போகும் பாரம் பெருமளவு குறையும்.

இன்னொன்றும் இருக்கிறது. நாம் கலந்து கொடுப்பதைக் கடைசியில் ஒரு தூய்மைப் பணியாளர்தான் பிரிக்கிறார், பெரும்பாலும் வெறுங்கையால். உடைந்த கண்ணாடி, ஊசி, டயப்பர், நாப்கின் எல்லாம் அவர் கையில்தான் படுகின்றன. நாப்கினையும் டயப்பரையும் தனியாகச் சுற்றித் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே சொல்லப்பட்டது. நாளைக் காலை குப்பை அள்ளும் பேட்டரி வண்டி வரும்போது, அவற்றைச் செய்தித்தாளில் சுற்றித் தனியாகக் கொடுங்கள்.