செடி வைத்த மீன் தொட்டிக்கு எந்த டியூப்?



போன கூட்டமைப்புக் கூட்டத்தில் கடைசி வரிசையில் இருந்து ஒரு அக்கா எழுந்து கேட்டார். "பயிற்சியில சொன்ன மாதிரியேதான் ஓஸ் போட்டுத் தொட்டியச் சுத்தம் பண்ணுனேன். செடியெல்லாம் பிடுங்கிக்கிட்டு மிதக்குது. மறுநாள் பார்த்தா மீனும் செத்து மிதக்குது. நான் என்ன தப்புப் பண்ணுனேன்?" உள்கடன் எடுத்து வாங்கிய தொட்டி அது. மீன் செத்தாலும் தவணை நிற்காது. அன்றைக்கு யாருக்கும் பதில் சொல்ல வரவில்லை. அதனால் இந்த மாதப் பாடம் இதுதான்.

அந்த அக்கா பெரிய தப்பு எதுவும் பண்ணவில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் வேறு தொட்டிக்கு உரியது, அவ்வளவுதான். சென்னை கொளத்தூர்ப் பக்கம் வீட்டுக் கொல்லையிலேயே சிமெண்டுத் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்க்கிறார்கள். அங்கே பல வருஷமாக நடக்கிற தொழில். குஞ்சு வளர்க்கிற அந்த மாதிரித் தொட்டியில் மண்ணும் இருக்காது, வேர்விட்ட செடியும் இருக்காது. பெரிய ஓஸைத் தரையில் வைத்து இழுத்தால் கசடு மொத்தமும் போய்விடும். நம்மில் பலர் விற்பனைக்கு வைத்திருப்பது கண்ணாடித் தொட்டி. அடியில் பொடிக்கல், அதில் வேர் ஓடிய செடி, நடுவில் கப்பியும் மோலியும். வாங்க வருகிறவர் செடியின் பச்சையைப் பார்த்துத்தான் விலை கேட்கிறார். இதில் பெரிய ஓஸைப் போட்டுக் கிளறக்கூடாது.

ஏன் கூடாது? மீன் போடுகிற கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அழுகினால் அமோனியா உண்டாகும். அது மீனுக்கு விஷம். பொடிக்கல்லில் குடியிருக்கிற நல்ல கிருமிகள் அந்த அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், பிறகு நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டைச் செடி உரமாக எடுத்துக்கொள்ளும். கல்லுக்கு அடியில் தங்கும் கொஞ்சம் கசடும் வேருக்குச் சாப்பாடுதான். ஆழமாகக் கிளறினால் வேர் அறுந்துவிடும். அடியில் அடைந்து கிடந்த அழுக்கெல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரில் கலந்து மீனுக்கு மூச்சு முட்டும்.

நம் திண்டுக்கல் வட்டாரத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. இங்கே போர் தண்ணீர் பெரும்பாலும் கடினத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளை படியும். கப்பி, மோலி, பிளாட்டி மாதிரிக் குட்டி போடும் மீன்களுக்கு இந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும், அது நமக்கு வாய்த்த வசதி. ஆனால் காரத்தன்மை கூடக்கூட அமோனியாவின் விஷமும் ஏறும். பி.எச். 7-ல் இருந்து 8-க்குப் போனால், விஷமாக வேலை செய்கிற பங்கு ஏறத்தாழ பத்து மடங்கு ஆகிவிடும். அதனால் வேறு ஊரில் தப்பிக்கிற அழுக்கு நம் ஊரில் மீனைக் கொன்றுவிடும். தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்டுப்போன கிணற்றுத் தண்ணீரைத் தொட்டிக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

இப்போது டியூப் விஷயத்துக்கு வருவோம். கேனில் இருந்து மண்ணெண்ணெய் இறக்குவதை எல்லோரும் பார்த்திருப்போம். டியூப்பின் ஒரு முனை தண்ணீருக்குள், மறுமுனை தொட்டித் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. இருந்தால் தண்ணீர் தானாக ஓடும். மறுமுனை எவ்வளவு தாழ்வாகப் போகிறதோ, ஓட்டம் அவ்வளவு வேகம். டியூப்பின் வாய் அகலம் பாதியானால் தண்ணீர் போகும் பரப்பு கால்வாசி ஆகிவிடும். செடித் தொட்டிக்கு இந்தக் கணக்குத்தான் முக்கியம். சின்ன வாய் இருந்தால் மெதுவாக இழுக்கும், கசடு மட்டும் வரும், செடி நிற்கும்.

தோட்டத்தில் மிச்சமான சொட்டு நீர்க் குழாய் போதுமே என்று ஒருவர் கேட்டார். அது கறுப்பு, உள்ளே என்ன போகிறது என்று தெரியாது, வளையவும் மாட்டேன் என்கும். கொத்தனார் மட்டம் பார்க்கிற கண்ணாடி போன்ற லெவல் டியூப் தெரியும்தானே? சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள் பிடித்துப் பழகியதுதான். அதில் சின்ன அளவாக ஒன்றரை மீட்டர் போதும். செடி நெருக்கமாக இருந்தால் ஏர் பம்புக்குப் போடும் மெல்லிய டியூப்பே நல்லது. முனையைச் சாய்வாக வெட்டி, ஒரு முழ மூங்கில் குச்சியோடு நைலான் நூலால் கட்டுங்கள். செம்புக் கம்பியால் கட்டாதீர்கள், செம்பு மீனுக்கு ஆகாது. குச்சி இருந்தால் செடிகளுக்கு நடுவே நினைத்த இடத்தில் முனையைக் கொண்டு போகலாம். கப்பிக் குஞ்சு இருக்கும் தொட்டி என்றால் முனையில் கொசுவலைத் துணி ஒரு சுற்று. ஓட்டத்தைக் குறைக்க விரலால் மடக்கிப் பிடித்தால் போதும். சிலர் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப்பின் உருளையைப் பொருத்துகிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் மருந்துக் கடையில் புதிதாக வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் வீசியதை எடுக்கவே கூடாது.

தொட்டியின் முன்பக்கம் செடி இல்லாத கல் தரைக்கு மட்டும் இன்னொரு முனை செய்துகொள்ளலாம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி, விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து, கழுத்தில் டியூப்பைச் செருகுங்கள். முறத்தில் புடைப்பது மாதிரிதான் இதுவும். பாட்டிலுக்குள் அகலம் அதிகம் என்பதால் ஓட்டம் தணியும். கல் கொஞ்சம் எழும்பித் திரும்பக் கீழே விழும், லேசான கசடு மேலே போய்விடும். செடி வேர் அருகே இதைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே மெல்லிய டியூப்பைக் கல்லைத் தொடாமல் ஒரு விரற்கடை மேலே பிடித்து நகர்த்தினால் போதும்.

வாயால் உறிஞ்சி இழுக்கும் பழக்கத்தை விட்டுவிடுவோம். டியூப் முழுவதையும் தொட்டிக்குள் அமுக்கிக் காற்றுக் குமிழ் போகவிட்டு, ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து வெளியே எடுத்து வாளிக்குள் விடுங்கள். பூப்பறித்துக் கையில் கீறல் இருந்தால் அன்றைக்குத் தொட்டிக்குள் கை வேண்டாம். தொட்டித் தண்ணீரில் உள்ள சில கிருமிகள் புண் வழியாக ஏறி மாதக் கணக்கில் ஆறாத கட்டியாக நிற்கும். வெள்ளை வாளியாகப் பார்த்து வையுங்கள், தப்பி வந்த குஞ்சு கண்ணில் படும்.

எவ்வளவு எடுப்பது? 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். வாரம் ஒரு முறை கால் பங்கு, அதாவது ஒரு குடத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். எடுத்த தண்ணீர் மல்லிகைச் செடிக்கு நல்ல உரம், சாக்கடையில் கொட்டாதீர்கள். புதுத் தண்ணீர் குழாய்த் தண்ணீர் என்றால் அதில் குளோரின் இருக்கும். ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரானாலும் காவிரித் தண்ணீரானாலும், வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்துப் பிறகு மெதுவாக ஊற்றுங்கள். அந்த அக்காவிடம் திரும்பக் கேட்டபோது, தொட்டியை முழுக்கக் காலி செய்து அப்போதே குழாயைத் திறந்து நிரப்பியதாகச் சொன்னார். பாதி விடை அதில் இருந்தது.

கை விடுமுன் பம்பு சுவிட்சை அணையுங்கள். ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலேதான் வைக்க வேண்டும். கீழே வைத்தால் கரண்ட் போனதும் ஏர் டியூப்பே சைபன் ஆகி, தண்ணீர் பம்புக்குள் இறங்கி ஷாக் அடிக்கும்.

புதிதாகத் தொட்டி வைக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். 2020-ல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லையில் வண்ண மீன் வளர்ப்புக்கு 3 லட்ச ரூபாய் மதிப்பீடு வைத்து, பெண்களுக்கு 60 சதவீத மானியம் அறிவித்தார்கள். இந்த வருஷம் என்ன இருக்கிறது என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கடன் விண்ணப்பம் எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. குழுவுக்கு ஒரு டியூப் வாங்கி வீடு வீடாகச் சுற்ற விடலாம் என்று தீர்மானம் போட்ட குழு ஒன்று உண்டு. நம் பழக்கத்துக்கு அது சரியாகத்தான் தோன்றும். ஆனால் ஒரு தொட்டியின் வெள்ளைப்புள்ளி நோய் ஈர டியூப்போடு அடுத்த தொட்டிக்கும் போய்விடும். ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். முடியாவிட்டால் ஒருவர் உபயோகித்ததும் உள்ளும் வெளியும் நன்றாகக் கழுவி, ஈரம் முழுவதும் போகும்வரை வெயிலில் காயவைத்து, அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.