பாட்டியின் உதவித்தொகை நின்றுவிட்டதா? கம்ப்யூட்டரில் புகார் தயாரிக்கும் முறை

மாமல்லபுரம், கோவளம், சதுரங்கப்பட்டினம் பகுதிகளில் முதியோர் உதவித்தொகையை நம்பி மருந்து வாங்கும் பாட்டிகள் பலர். 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய இத்தொகை, 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாய் ஆனது. இது திடீரென நின்றால், வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பேரனையோ பேத்தியையோதான் தேடுவார்கள்.

டைப் செய்யத் தொடங்கும் முன் பாஸ்புக்கைப் பதிவு செய்து வாங்குங்கள். பணம் கணக்கில் வரவே இல்லையா, வந்தும் எடுக்க முடியவில்லையா? பலர் இதைப் பார்ப்பதே இல்லை. வரவில்லை என்றால் வட்டாட்சியர் அலுவலகத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவு. மாமல்லபுரத்துக்காரர்களுக்கு அது திருக்கழுக்குன்றம், கோவளத்துக்கு திருப்போரூர். வந்த பணம், தேய்ந்த விரல் ரேகை மெஷினில் பதியாததால் நிற்கிறது என்றால் புகார் வங்கிக்கு. வங்கி 30 நாட்களில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையம் வழியே அனுப்பலாம். கட்டணம் இல்லை. பாட்டி எழுதிக் கொடுத்தால் அவருடைய பிரதிநிதியாக நீங்களே அனுப்பலாம்.

எங்கள் சாப்ட்வேர் வேலையில் "புரோகிராம் ஓடவில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பினால் யாரும் தொடமாட்டார்கள். எந்தத் திரையில், எப்போது, என்ன பிழை என்று சொல்ல வேண்டும். புகாரும் அப்படித்தான். "ஏழைப் பாட்டி, கருணை காட்டுங்கள்" என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட இது மேல்:

"என் உதவித்தொகை ஆணை எண் இது. 2025 ஜூன் வரை கணக்கில் வரவானது. ஜூலை முதல் வரவில்லை. நிறுத்திய காரணத்தைத் தெரிவித்து, நிலுவையுடன் மீண்டும் வழங்கக் கோருகிறேன்."

மனு பாட்டியின் பெயரில், அவர் கையெழுத்து அல்லது கைநாட்டுடன் இருக்கட்டும். தொடர்புக்கு உங்கள் மொபைல் எண்ணைக் கொடுங்கள், எஸ்.எம்.எஸ். பார்ப்பது நீங்கள்தானே!

தமிழில் டைப் செய்ய யூனிகோட் மட்டும் பயன்படுத்தவும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை இணையப் படிவத்தில் ஒட்டினால், அதிகாரிக்குப் புரியாத எழுத்துகளே தெரியும். விண்டோஸ் 10, 11-ல் தமிழ் கீபோர்டு சிஸ்டத்திலேயே உள்ளது. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குச் சென்று சேர்த்துக் கொள்ளவும்.

பாட்டியின் பெயரில் ஒரு போல்டர் உருவாக்கி பாஸ்புக் பக்கம், ஆணை நகல், மனு மூன்றையும் ஸ்கேன் செய்து வைக்கவும். பைல் பெயரில் தேதி இருந்தால் பின்னர் தேடும் வேலை இல்லை. ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் ஏற்கப்படுமா என்று கேட்டுப் பாருங்கள்.

மனுவை முதல்வர் உதவி மையத் தளத்தில் பதிவு செய்யலாம். அதன் தொலைபேசி எண் 1100, 2016 ஜனவரியில் அம்மா அழைப்பு மையமாகத் தொடங்கியது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடமும் கொடுக்கலாம். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை இதற்குக் காஞ்சிபுரம் போக வேண்டியிருந்தது. எங்கு கொடுத்தாலும் மனு எண் இல்லாமல் திரும்பாதீர்கள். திரையில் எண் தோன்றியதும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போல்டரில் சேவ் செய்திடவும்.

"மனு முடிக்கப்பட்டது" என்று செய்தி வந்தும் பணம் வரவில்லையா? பழைய எண்ணைக் குறிப்பிட்டு, வந்த பதிலையும் இணைத்து மீண்டும் அனுப்பவும். கூடவே 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பாட்டியின் பெயரிலேயே 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு விண்ணப்பம்: எந்தத் தேதியில், எந்த உத்தரவின்படி நிறுத்தப்பட்டது, அதன் நகல் வேண்டும். இதற்கு 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.