பேட்டரி வால்வு ரேடியோவுக்கு என்ன மாற்று?

கேள்வி: தாத்தா வாங்கிய வால்வு ரேடியோவின் பின்புறம் 90 வோல்ட், 1.5 வோல்ட் பேட்டரி என்று போட்டிருக்கிறது. 90 வோல்ட் பேட்டரி எங்குமே கிடைக்கவில்லை. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் மலிவான பூஸ்ட் கன்வெர்ட்டரை வாங்கி மாட்டிவிடாதீர்கள். நொடிக்குப் பல்லாயிரம் தடவை மின்னோட்டத்தை விட்டுவிட்டு ஓடவைத்துத்தான் அது வோல்ட்டை ஏற்றுகிறது. அந்த இரைச்சல் மீடியம் வேவ் முழுக்கப் பரவி, நிலையங்களை அமுக்கிவிடும்.

1.5 வோல்ட் பக்கம்தான் அதிகக் கவனம் வேண்டும். டிகே 96 போன்ற பேட்டரி வால்வுகளில் சூடாகும் இழையேதான் கேதோடு. அங்கே வரும் சிறு அலைவும் ஸ்பீக்கரில் 'உம்'மென்று கேட்கும். வோல்ட் கூடினால் இழை அறுந்துவிடும். 96 வரிசையில் நான்கு வால்வு உள்ள செட் என்றால் மொத்தமே 125 மில்லி ஆம்பியர்தான். பெரிய டார்ச் செல் ஒன்றே தாராளம்.

90 வோல்ட்டுக்கு, பத்து 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகக் கோர்த்துவிடுங்கள். இரைச்சல் துளியும் இராது. தினமும் கேட்பீர்கள் என்றால் சிறு டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் ரெக்டிஃபையர், கெப்பாசிட்டர், சாதாரண லீனியர் ரெகுலேட்டர் வைத்து ஒரு சப்ளை செய்து, ரேடியோவிலிருந்து தள்ளி வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் வீட்டு மின்சாரத்தை நேரே இணைப்பது உயிருக்கே ஆபத்து.

இணைப்பு மாறி 90 வோல்ட் இழைக்குப் போனால் நான்கு வால்வும் ஒரே கணத்தில் போய்விடும். எனவே வால்வுகளைக் கழற்றி வைத்துவிட்டு, சாக்கெட்டின் இழை முனைகளை மீட்டரில் அளந்து பாருங்கள். 1.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வால்வைச் செருகாதீர்கள்.