வெளுத்த சிவப்புக் காருக்கு மறுவாழ்வு

நம் சங்க அன்பர்கள் சிலரின் பழைய சிவப்பு மாருதி 800 கார்கள் வெளிறிக் கிடக்கின்றன. பெங்களூரில் வெப்பம் குறைவுதானே என்று எண்ண வேண்டாம். ஊர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் புற ஊதாக் கதிர் சற்றுக் கூடுதல். கார்ச் சிவப்புக்குச் சேர்க்கும் கரிம நிறமிகள் பலவற்றை அக்கதிரே சிதைக்கிறது. ரயில்வேயில் நாங்கள் பூசிய ரெட் ஆக்சைடு இரும்பு ஆக்சைடால் ஆனது. அது எளிதில் வெளுக்காது.

காரை நிழலில் நிறுத்திக் கழுவித் துடையுங்கள். வெள்ளைத் துணியில் பாலிஷ் தொட்டு ஓரிடத்தில் தேயுங்கள். துணி சிவந்தால், அது மேலே தெளிபூச்சு இல்லாத பெயிண்ட். அடியில் நல்ல நிறம் இருக்கும். மென்மையான ரப்பிங் காம்பவுண்டால் லேசாகத் தேய்த்து, பின் பாலிஷும் கடைசியில் வாக்ஸும் போடுங்கள். விளிம்புகளில் பெயிண்ட் மெல்லியது. அழுத்தினால் பிரைமர் தெரிந்துவிடும்.

தெளிபூச்சு உள்ள காரில் துணி சிவக்காது. அந்தப் பூச்சு தோலாக உரிந்திருந்தால் தேய்த்துப் பயனில்லை. அந்தப் பகுதிக்கு மறுபடி பெயிண்ட் அடிப்பதே வழி.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாக்ஸ் போதும். போர்வெல் நீரைக் காரின் மேல் காயவிடாதீர்கள், வெண்புள்ளி விழும். பறவை எச்சத்தை அன்றே கழுவுங்கள். தேய்த்த பெயிண்ட் திரும்ப வளராது; ஆகவே தேய்ப்பதைக் குறைத்து, காப்பதைக் கூட்டுங்கள்.