ஏபிஎஸ் சரி, டயர் எப்படி இருக்கிறது?

அன்புள்ள தம்பிக்கு,

மஞ்சள் போர்டு வண்டி ஒன்று எடுத்து, சித்தூர் ஸ்டாண்டில் வரிசையில் நிறுத்திவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். கூடவே இன்னொன்றும் காதில் விழுந்தது. “ஏபிஎஸ் வண்டி, இனி மழை பெய்தாலும் மலை ஏறலாம், பயமில்லை” என்று சொன்னாயாம். ஐப்பசி மழையும் மார்கழி மூடுபனியும் வரும் முன்பே இதைப் பற்றி உனக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. புதிதாகத் திருமலைக்குச் சவாரி அடிக்கிற எல்லாத் தம்பிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஏபிஎஸ் என்ன செய்கிறது என்று முதலில் புரிந்துகொள். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சென்சார் இருக்கிறது. பிரேக் மிதித்ததும் ஒரு சக்கரம் சுழலாமல் இறுகப் போகிறது என்று தெரிந்தால், அந்தச் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் ஒரு கணம் தளர்த்தி மறுபடி பிடிக்கும். நொடிக்குப் பல முறை இது நடக்கும். அப்போது பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுப்பவர்கள் நிறையப் பேர். எடுக்காதே. முழு பலத்தோடு அழுத்தியபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பு. சக்கரம் இறுகினால் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. அதைக் கேட்க வைப்பதற்காகத்தான் பாஷ் நிறுவனம் 1978இல் பென்ஸ் காரில் இதைக் கொண்டுவந்தது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் இது கட்டாயம்.

ஆனால் ஏபிஎஸ் பிடிமானத்தைப் புதிதாக உண்டாக்காது. டயருக்கும் தாருக்கும் நடுவில் இருப்பதைச் சிதறாமல் பயன்படுத்தும், அவ்வளவுதான். மழையில் மலைச்சரிவிலிருந்து செம்மண்ணும் சரளையும் வழிந்து வந்து வளைவில் படிந்திருக்குமே, அங்கே ஏபிஎஸ் வண்டி நிற்க இன்னும் கொஞ்சம் கூடுதல் தூரம்கூட எடுக்கும். சாவி போட்டதும் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் உன் பிரேக் பழைய காலத்து பிரேக் என்று அர்த்தம்.

ஆகவே டயரைப் பார். வெளிநாட்டில் பனிக்கென்று தனி டயர் போடுகிறார்கள். 7 டிகிரிக்குக் கீழே குளிர் போகிற ஊர்களுக்கானது அது. திருமலைக்கும் ஹார்ஸ்லி ஹில்ஸுக்கும் தேவையில்லை. நமக்கு எதிரி தண்ணீர். டயரின் பட்டன், அதாவது மேலே வெட்டியிருக்கும் பள்ளம், ஆழமாக இருந்தால்தான் தண்ணீரை ஒதுக்கித் தள்ளிவிட்டு ரப்பர் தாரைத் தொடும். புது கார் டயரில் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும், சட்டம் 1.6 வரை விடுகிறது. மழைக்காலத்துக்கு நீ சட்டத்தைப் பார்க்காதே, 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடு. காசு இல்லாமல் இரண்டு டயர்தான் வாங்க முடிகிறதென்றால் அவற்றைப் பின்னால் போடு. கடைக்காரர் முன்னால் போடச் சொல்வார். ஈர வளைவில் முன் டயர் வழுக்கினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். காற்றைக் காலையில் வண்டி ஓடும் முன்பே பார். மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிக்கும் என்பது தப்பு. குறைந்த காற்றில்தான் வண்டி சீக்கிரம் தண்ணீர் மேல் மிதக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் தயாரானது. பட்டன் இருந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்டிருந்தால் வாங்காதே.

இனி, திருமலைப் பாதை. 1944இல் திறந்த முதல் பாதையில்தான் இன்று இறங்குகிறோம். 1974இல் வந்த இரண்டாவது பாதையில் ஏறுகிறோம். தேவஸ்தானம் ஏறுவதற்குக் குறைந்தது 28 நிமிடமும் இறங்குவதற்கு 40 நிமிடமும் என்று விதி வைத்ததைக் கவனி. பாரத்தோடு ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் கூடுதல் நேரம். சுமார் 19 கிலோமீட்டரை 40 நிமிடத்தில் கடந்தால் மணிக்கு 28 கிலோமீட்டர்தான் ஆகிறது. எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. வேகத்தை என்ஜின் பிடிக்கட்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவனோடு சேராதே. அவன் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவான். டிஸ்க் சூடேறி, தீய்ந்த வாடை வந்து, பழைய பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சுபோல் உள்ளே இறங்கும். அந்த நேரத்தில் ஏபிஎஸ்ஸால் எதுவும் செய்ய முடியாது. வாடை வந்ததும் ஓரங்கட்டி ஆறவிடு. தண்ணீர் ஊற்றாதே, டிஸ்க் வளைந்துவிடும். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்று.

மொகிலி கணவாயில் 2024 செப்டம்பரில் அரசுப் பேருந்தும் லாரிகளும் மோதிப் பலர் இறந்தார்கள். 2022 மார்ச்சில் பாக்கராப்பேட்டை மலைப்பாதையில் ஒரு தனியார் பேருந்து பள்ளத்தில் விழுந்தது. நீ தினமும் ஓட்டப்போகிற சாலைகள் இவை. 60இல் வரும் வண்டி நிற்க, 40இல் வருவதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான பிரேக் தூரம் வேண்டும். நனைந்த ரோட்டில் இன்னும் கூடும். எந்த சென்சாரும் இந்தக் கணக்கை மாற்றாது.

ஒரு மழை நாளில் ஆளில்லாத மைதானத்துக்குப் போய், 40இல் வந்து பிரேக்கை ஓங்கி மிதித்துப் பழகு. அந்த உதறல் காலுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மொட்டை டயரோடு மலை டிரிப் போகச் சொன்னால், வாடகை எவ்வளவானாலும் முடியாது என்று சொல்லிவிடு. உன்னை நம்பி உட்காருகிறவர்கள் ஏபிஎஸ் இருக்கிறதா என்று கேட்க மாட்டார்கள். டயரையும் பார்க்க மாட்டார்கள். அதைப் பார்க்க வேண்டியவன் நீதான்.

அன்புடன்,
உன் அண்ணன்