கால்பந்துக் கழகமும் கணினிப் பதிவேடும்

நிலத்திற்குப் பட்டா எவ்வளவு அவசியமோ, கால்பந்து ஆடும் சிறுவனுக்குப் பதிவும் அவ்வளவு அவசியம். கழகத்து நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதி வைத்தாலே போதுமென்று எண்ணுவது தவறாகும்.

பதிவு முறை

உலகக் கால்பந்துச் சம்மேளனமாகிய பிஃபாவின் விதிப்படி, ஒவ்வொரு நாட்டுச் சம்மேளனமும் ஆட்டக்காரர்களைக் கணினி வழியாகப் பதிவு செய்து, ஆளுக்கோர் அடையாள எண் அளித்தல் வேண்டும். எந்தப் பருவத்தில் எந்தக் கழகத்தில் ஒருவர் ஆடினார் என்னும் விவரம் அவ்வெண்ணின் கீழ் வரிசையாகச் சேர்ந்து வரும். நம் நாட்டிலும் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் இத்தகைய மத்தியப் பதிவு முறையை நடத்துகிறது.

பயன் யாது?

வயது வாரியான போட்டிகளில் தகராறு குறையும். ஒருவரே இரு கழகங்களுக்கு ஆடுவது தடைப்படும். வேறொரு பயனும் உண்டு. தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர், ஒப்பந்தம் முடியுமுன் வேற்று நாட்டுக் கழகத்திற்கு மாறினால், அதற்குரிய தொகையில் 100க்கு 5 பங்கு, அவரை 12 முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களைச் சேரும். இதில் 12 முதல் 15 வயது வரையுள்ள பருவம் ஒவ்வொன்றிற்கும் கால் சதவீதம். பின்னர் அரை சதவீதம்.

ஓர் உதாரணம் காண்போம். மாற்றுத் தொகை 1 கோடி ரூபாய் எனக் கொள்வோம். முதல் நான்கு பருவங்களும் ஒரு கிராமக் கழகத்தின் பெயரில் பதிவாகியிருப்பின் அதற்குரியது 1 லட்சம் ரூபாய். இரண்டு பருவங்களே பதிவாகியிருப்பின் 50,000 ரூபாய். பதிவே இல்லையெனில், பயிற்சி அளித்ததற்குச் சான்று காட்டுவது அரிதாகும். இந்நிலையை எய்துவோர் மிகச் சிலரே. எனினும், அச்சிலர் யாரென்று 12 வயதில் யாரும் அறியார்.

செய்ய வேண்டியவை

1. கழகத்தை முறைப்படி மாவட்டக் கால்பந்துச் சங்கத்தில் இணைத்தல்.

2. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்யுமாறு ஊராரைத் தூண்டுதல். சிறுவனின் வயதிற்கு அச்சான்றிதழே ஆதாரம்.

3. பெற்றோர் சம்மதத்துடன் பருவந்தோறும் பதிவைப் புதுப்பித்தல்.

4. கணினிப் பதிவின் கடவுச்சொல்லை ஒருவரிடம் மட்டும் விடாமல், காரியதரிசியும் தலைவரும் அறிந்திருத்தல்.

5. கழகத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு வைத்தல். மேற்கூறிய பங்கை 2022 நவம்பர் முதல் பாரிஸ் நகரிலுள்ள பிஃபாவின் தீர்வகம் பட்டுவாடா செய்து வருகிறது.

மைதானம் அமைத்துக் கொடுப்பதோடு பஞ்சாயத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. பருவம் தொடங்குமுன் கழகத்தாரை அழைத்து, எத்தனை சிறுவர்கள் பதிவாகியுள்ளனர் என்று அங்கத்தினர்கள் விசாரிப்பார்களாக.